ரூம் இல்லாத லாட்ஜ்

குற்றாலத்தில் ஒரு கட்டடத்துக்கு லாட்ஜ் என்று பெயர் எழுதி வைத்துவிட்டு, இங்கே ரூம் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். சீசன் நேரத்தில் ஈரத் தலையும் பிழியாத துண்டுமாக நிற்கிற ஆட்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. தென்காசியில் பிறந்து, தென்காசியிலேயே வீட்டுப் பிளான் போட்டுப் பிழைக்கிறவன் நான். வருடத்துக்கு இரண்டு லாட்ஜாவது வரைவேன். அப்படிப்பட்ட நானே அந்தச் சொல்லை ஒரு காகிதத்தின் தலையில் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, இருபத்தேழு வருடமாக ஒரே வீட்டில் இருந்த புருஷன் பெண்சாதியைத் தெருவில் நிறுத்தப் பார்த்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கொஞ்சம் படித்துவிட்டேன், அவ்வளவுதான்.

எல்லோரும் என்னை இஞ்சினியர் என்பார்கள். நான் டிப்ளமா. அதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பேன். அதற்குள் அவர்கள் கிச்சன் எந்த மூலையில் வரும் என்று கேட்டுவிடுவார்கள். நான் வரைந்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் தீப்பெட்டி அடுக்கின கிட்டங்கி மாதிரி இருக்கும். முன்னால் ஒரு போர்டிகோ, மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள். அழகு என்பதை நான் வீட்டுக்காரர்களின் பெயிண்ட் தேர்வுக்கு விட்டுவிட்டவன்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இருக்கிறது. ரோட்டில் போகிறவர்களுக்குப் பங்களா தெரியாது. மரங்கள் மறைத்துக்கொள்ளும். தெரிவதெல்லாம் இரண்டு கல்தூண்கள், நடுவில் இரும்பு கேட், ஒரு தூணை ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு. அந்தப் பங்களாவின் முதலாளி, எண்பதைத் தாண்டியவர், வெளியூரில் மகன் வீட்டிலிருந்து பேசினார்.

"பங்களாவை ரிசார்ட்டுக்காரங்களுக்குக் கொடுக்கப் போறேன். ஆவணி கடைசியில பத்திரம். கேட்டுக்கிட்ட இருக்கிற வீட்டை மட்டும் நம்ம வாட்ச்மேனுக்கு எழுதி வச்சிரணும்னு மனசுல இருக்கு. வாங்குறவங்களும் சரின்னுட்டாங்க. ஆனா அதுக்குள்ள அந்த மூணு சென்ட் தனியாப் பிரிஞ்சு, வீட்டு பிளான்ல ஆபீஸ் சீல் விழுந்திருக்கணும். விழலைன்னா மொத்தமா அவங்களுக்குப் போயிரும். பஸ் உள்ள வரணும்னு முதல் வேலையா அதைத்தான் இடிப்பாங்க."

அப்போது ஆனி மாதக் கடைசி. இரண்டு மாதம் இருந்தது. மூணு சென்ட், ஒரு சின்ன வீடு. டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம் என்றேன். நான் அப்படிச் சொன்ன வேலைகள் எதுவும் அந்த நேரத்தில் முடிந்ததில்லை.

மறுநாள் டேப்பும் நோட்டுமாகப் போனேன். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அண்ணாச்சி காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். "குனிஞ்சு வாங்க தம்பி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் நெற்றி கதவு நிலையில் மோதியிருந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இடிச்சாச்சா?" காப்பி குடிச்சாச்சா என்று கேட்கிற தொனி.

"இடிச்சாச்சுக்கா."

"செரி, அப்ப உக்காருங்க. இங்கன வாரவிய எல்லாரும் மொதல்ல அதத்தான் செய்வாவ."

அக்காவுக்குப் பிறந்த ஊர் செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை. பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். எனக்குக் குடிக்க வெள்ளம் கொடுத்தார். நெற்றியில் வைத்துக்கொள்ளவும் அதே சொம்பைப் பயன்படுத்தினேன்.

நிலையை அளந்தேன். ஐந்தரை அடி. நான் ஐந்தே முக்கால். பக்கத்துக் கல்தூண் பன்னிரண்டு அடி. யோசித்துப் பார்த்தேன். வண்டிச் சத்தம் கேட்டு இந்த வீட்டிலிருந்து யார் வெளியே வந்தாலும் தலை தானாகத் தாழ்ந்துதான் வர வேண்டும். வண்டிக்குள் இருக்கிறவனுக்கு அது கும்பிடு மாதிரித் தெரியும். கட்டினவன் அதை நினைத்துத்தான் கட்டினானா, மரம் குறைந்துபோய்க் கட்டினானா என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி என்னைவிட உயரம். இருபத்தேழு வருடத்தில் கழுத்தே அந்த வாட்டத்துக்கு வந்திருந்தது.

அந்த வீட்டை அளக்க அளக்க, நான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்த தொழில் என்ன என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்த முகம் ஒரு கல்யாணப் பெண். செங்குத்தான ஓட்டுக் கூரை. கூரையின் ஓரம் முழுக்கப் பலகையைக் குடைந்து சரிகை மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னறை மூன்று முகமாக வெளியே பிதுங்கி நின்றது. மூன்று முகத்துக்கும் மூன்று ஜன்னல். அதற்கு மேலே ஒரு கல்லில் ஆங்கிலத்தில் கேட் லாட்ஜ் என்று வெட்டியிருந்தது. பக்கவாட்டில் திரும்பினால் சரிகை பாதியில் நின்றுவிடும். பின்பக்கம் போனால் வெறும் சுவர். பூசக்கூட இல்லை. ரோட்டில் போகிறவன் கண் எட்டுகிற இடம் வரைக்கும் செலவழித்திருக்கிறார்கள், ஓர் அங்குலம் தாண்டவில்லை.

கூரையில் ஒரு புகைபோக்கி இருந்தது. செங்கலில் அடுக்கடுக்காக, தலையில் கிரீடம் வைத்த மாதிரி. அதன் அடியில் அடுப்பு எங்கே என்று வீடு முழுக்கத் தேடினேன். இருந்ததே இரண்டு அறையும் ஓர் அடுக்களையும். சுவரைத் தட்டினேன். பரணில் ஏறிப் பார்த்தேன். உள்அளவும் வெளிஅளவும் ஒத்துவருகிறதா என்று இரண்டு தடவை கூட்டினேன். அக்கா முறத்தில் அரிசி பொறுக்கியபடி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்த தேடுதீய?"

"புகைபோக்கிக்குக் கீழ அடுப்பு இருக்கணும்லாக்கா."

"அதுக்குக் கீழ ஒண்ணும் கெடையாது. சும்மா மேல உக்காத்தி வச்சிருக்கு. நானும் வந்த புதுசுல தேடுனேன்." அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். "நம்ம அடுப்பு அங்கன, அந்த மூலையில. பொகை ஓட்டு இடுக்கு வழியாப் போவும்."

புகைபோக்கி இருந்த இடத்தில் புகை இல்லை. புகை இருந்த இடத்தில் புகைபோக்கி இல்லை. பெரிய பங்களாவின் கூரையில் ஒன்று இருப்பதால், வாசலில் நிற்கிற குட்டிக்கும் ஒன்று. பெரியவர் தொப்பி போட்டால் அவர் பின்னால் பை தூக்குகிறவருக்கும் ஒரு தொப்பி என்கிற மாதிரி. குற்றாலத்துக் குளிருக்கு அந்த அறையில் நிஜமாகவே ஒரு கணப்பு இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே நோட்டில் புகைபோக்கியை வரைந்தேன். வரைந்து முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, போன வருடம் இலத்தூரில் ஒரு வீட்டுக்கு நானும் மொட்டைமாடியில் ஒரு கோபுரம் வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் கேட்டார், போட்டேன்.

முன்னறையில்தான் கட்டில். ஜன்னல்களின் அடிக்கட்டை என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, கட்டிலின் மட்டத்துக்குச் சரியாக இருந்தது. ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி கட்டிலைக் காட்டினார். படுத்துப் பார்த்தேன். கால்மாட்டு ஜன்னலில் கேட். வலது ஜன்னலில் ஐந்தருவிப் பக்கத்து ரோடு. இடது ஜன்னலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ரோடு. தலையைத் தூக்கக்கூட வேண்டாம்.

"காய்ச்சல்ல கெடந்தப்பவும் கேட்டு தெரியும் தம்பி" என்றார் அண்ணாச்சி. பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நாலாவது பக்கம் மலைப் பக்கம். அந்தச் சுவரில் ஒரு துவாரம்கூட இல்லை. இரண்டடி கனத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும். முதலில் மழைக்காக மூடினார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததும் புரிந்தது. அங்கிருந்துதான் பங்களாவின் தோட்டம் தொடங்குகிறது. துரைமார் குடும்பம் உலாவுகிற இடத்தில் காவல்காரன் வீட்டுக் கண் விழக் கூடாது. ரோட்டைப் பார்க்க மூன்று ஜன்னல், மலையைப் பார்க்க ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கென்றே கட்டிய வீடு. எதைப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

நான் டேப்பைச் சுருட்டும்போது அக்கா அந்தச் சுவரை உள்ளங்கையால் தட்டினார்.

"தம்பி, படத்துல இங்கன ஒரு சன்னல் போட்டுத் தாங்களேன்."

"மலைப் பக்கமா?"

"ஆமா. நமக்குன்னு எழுதித் தந்த பொறவு ஒடைச்சு வச்சிக்கிடலாம்லா."

எனக்கு மனசு இளகிவிட்டது. குற்றாலத்தில் இருபத்தேழு வருடம் குடியிருந்தும் வீட்டுக்குள்ளிருந்து மலையைப் பார்க்க முடியாத ஒரு பெண். பைக்கில் தென்காசிக்குத் திரும்புகிற வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு இது பற்றி நோட்டில் ஒரு வரி எழுதினேன். அதை இங்கே சொல்லமாட்டேன். அதில் 'ஏக்கம்' என்கிற சொல் இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த தவறு படித்ததில் வந்தது. கேட் லாட்ஜ் என்றால் என்ன என்று இணையத்தில் தேடினேன். உலகத்தில் அப்படி ஒரு வகையே இருக்கிறதாம். எஸ்டேட் வாசலில் காவல்காரன் குடும்பத்துக்காகக் கட்டுகிற சின்ன வீடு. உள்ளே இருக்கும் மாளிகை எப்படிப்பட்டது என்று வாசலிலேயே காட்டுகிற மாதிரிச் சாமான். படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டடக் கலையைத் தொட்டுவிட்ட உணர்வு எனக்கு. அந்த வேகத்தில் படத்தின் தலைப்பில் 'பாரம்பரிய கேட் லாட்ஜ்' என்று எழுதினேன். மலைப் பக்கச் சுவரில் நாலுக்கு நாலு ஜன்னல் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஓர் அம்புக்குறி போட்டு 'அருவி பார்க்கும் ஜன்னல்' என்றும் எழுதினேன்.

இருக்கிற கட்டடத்துக்குப் படம் போடும்போது இல்லாத ஜன்னலைப் போடக்கூடாது என்பது டிப்ளமா முதல் வருடப் பாடம். முதல் வருடத்தில் நான் இரண்டு பாடத்தில் பெயில். இது அதில் ஒன்றா என்று ஞாபகமில்லை.

பிளானுக்கு அப்ரூவல் கொடுக்கிற ஆபீஸில் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். இளம் வயது, வெளி மாவட்டம், பேச்சில் ஒரு சொல் கூடாது குறையாது. படத்தை விரித்துத் தலைப்பைப் பார்த்தார்.

"லாட்ஜ். எத்தனை ரூம்?"

"ரூம் இல்லை மேடம்."

"லாட்ஜ்ல ரூம் இல்லையா?"

"இது அந்த லாட்ஜ் இல்லை மேடம். கேட் லாட்ஜ்."

"கேட் லாட்ஜ்னா?"

எனக்கு இணையத்தில் படித்ததெல்லாம் அந்த நொடியில் மறந்துபோனது. "கேட்டுக்கிட்ட இருக்கிற லாட்ஜ்" என்றேன்.

 அவர் விரல் அம்புக்குறிக்குப் போனது. "அருவி பார்க்கும் ஜன்னல். வீட்டுக்கு யாராவது இப்படிப் போடுவாங்களா? இது விளம்பரம் மாதிரி இருக்கு. வீடுன்னு காட்டி அப்ரூவல் வாங்கிட்டு சீசனுக்கு ரூம் விடுறது இங்க வழக்கம்னு எனக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. பார்க்கிங் எங்க? தீயணைப்புச் சான்று எங்க?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. அந்த வழக்கத்துக்கு வேண்டிய படங்களில் நாலைந்து என் கையெழுத்தோடு அவர் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தன. 'நேரில் ஆய்வு செய்த பின்' என்று எழுதி மடித்து வைத்துவிட்டார். ஆய்வு எப்போது என்று கேட்டேன். வரிசைப்படி வரும் என்றார். வரிசை என் கண்ணெதிரே மேஜையின் ஓரத்தில் இரண்டு அடி உயரத்துக்கு இருந்தது.

ஆடி பிறந்து பாதி ஓடியது. முதலாளி போனில் கேட்கும்போதெல்லாம் வேலை நடக்கிறது என்றேன். கடைசியில் மனசு கேட்காமல் அந்த வீட்டுக்குப் போய், கட்டிலின் நுனியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு கார் ஹாரன் அடித்தது. எழுந்து போய், குனிந்து வெளியேறி, "ரூம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே வந்தார்.

"அப்ப நாங்க எப்ப காலி பண்ணணும் தம்பி?"

கோபமே இல்லாமல் கேட்டார். ஒரு தடவை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குறையை அக்கா தீர்த்துவைத்தார். "ஏன் தம்பி, இத்தன பெரிய படிப்பு படிச்சவியளுக்கு வீட்ட வீடுன்னு எழுதத் தெரியாதா? அந்தக் கல்லுல லாட்ஜுன்னு எழுதிப் போட்டவன் வெள்ளக்காரன். அவனுக்குத்தான் தமிழ் தெரியாது. ஒங்களுக்கு என்ன கேடு? சீசனு வந்தா ஒரு நாளைக்கு எத்தன பேருக்கு நான் பதிலு சொல்லுதேன்னு தெரியுமா? அந்தக் கல்லுல இவிய ஒரு தடவ சுண்ணாம்ப அள்ளி அப்பிட்டாவ. மொதலாளி வந்து ஏசுனாரு. திரும்பச் சொரண்டி எடுத்தோம். கல்லுல இருக்கதுக்கே நாங்க படுத பாடு இந்தப் பாடு. நீங்க காயிதத்துல வேற கொண்டுபோயி வெட்டி வச்சிருக்கீய."

"தப்புதான்க்கா."

"எங்க ஊருல இதுக்குக் கேட்டுப்புரைன்னு சொல்லுவோம். அப்படி எழுதியிருந்தா முடிஞ்சுபோச்சு."

புரை என்றால் அங்கே வீடு. அந்த மேடத்துக்கு அது கண் டாக்டரிடம் போகிற புரை. இதை நான் அப்போது சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி இருக்கிறது.

ஆவணி பிறந்து ஒரு வாரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் காலை பத்து மணிக்கு ஆய்வு வந்தது. அண்ணாச்சி போன் செய்ததும் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது மேடம் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். வெயில் லேசாக அடித்தது. மேடம் உயரம் குறைவு, நிமிர்ந்தபடியே உள்ளே போனார். நான் பின்னால் போய் நெற்றியில் வாங்கிக்கொண்டேன்.

"இடிச்சாச்சா?" என்றார் அக்கா.

அதே நேரத்தில் வாசலில் ஒரு வேன் நின்றது. வெளியூர்க் குடும்பம். முன்சீட்டு ஆள் தலையை நீட்டி, "அக்கா, ரூம் இருக்கா?" என்று கத்தினார்.

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் பல வருடமாகத் தேய்ந்து பழகிய ஒரு பதில் உண்டு. அது அவருக்குப் பிடித்த நகைச்சுவை. மேடம் பக்கத்தில் நிற்பதை மறந்து அப்படியே சொல்லிவிட்டார்.

"இருக்கு!"

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். 

"நாங்க இருக்கோம்" என்று முடித்தார் அக்கா. "நானும் இவியளும். மூணாவது ஆளுக்கு எடம் கெடையாது."

"அப்புறம் என்னத்துக்கு லாட்ஜ்னு எழுதி வச்சிருக்கீங்க? ஏமாத்துறதுக்கா?" வேன்காரர் நாலு வார்த்தை சேர்த்தே சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். மேடமும் கேட்டுக்கொண்டு நின்றார்.

இதைவிட நல்ல சமயம் வராது என்று நான் புகுந்தேன். "மேடம், ஒரு நிமிஷம் இந்தக் கட்டில்ல உக்காந்து பாருங்க. கேட் தெரியுதா? ரெண்டு பக்கமும் ரோடு தெரியுதா? குற்றாலத்துல எந்த லாட்ஜ்லயாவது கட்டில்லயிருந்து ரோடு மட்டும் தெரியுமா? மலை தெரியாத ரூமை இங்க எவன் எடுப்பான்? இந்த வீட்டுல மலைப் பக்கம் ஜன்னலே கிடையாது மேடம்!"

வக்கீல் மாதிரிக் கையை வீசி மலைப் பக்கச் சுவரைக் காட்டினேன். மேடம் எழுந்து போய் அந்தச் சுவரைத் தொட்டார். பையிலிருந்து என் படத்தை எடுத்தார்.

"இங்கதானே அருவி பார்க்கும் ஜன்னல் போட்டிருந்தீங்க?"

என் வாதம் அந்த இடத்தில் விழுந்து செத்தது.

"அது... இல்லாத ஜன்னல் மேடம்."

"இல்லாததை ஏன் வரைஞ்சீங்க?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்காதான் முன்னால் வந்தார்.

"நாந்தாம்மா போடச் சொன்னேன். அவியள ஏசாதீங்க."

"அருவி பார்க்கவா?"

"அருவியா?" அக்காவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அத யாரு பாத்தா? எனக்கு மழ வாரத பாக்கணும்."

மேடத்துக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"துணிக்கொடி அந்தச் செவுத்துக்குப் பின்னால கெடக்கு. சாரல் மலையிலேருந்துதான் எறங்கும். இந்த மூணு சன்னல்ல பாத்தா போறவன் வாறவன் அம்புட்டுப் பேரும் தெரியும், மழ மட்டும் தெரியாது. ரோடு நனைஞ்ச பொறவுதான் எனக்கு மழன்னு தெரியும். அதுக்குள்ள அங்கன துணி பூராவும் தொப்பலா ஆயிரும். இவியளுக்கு ரெண்டு செட்டு காக்கிதான். சீசன் முச்சூடும் ஈரச் சட்டையோடத்தான் கேட்ட தொறக்காவ. இருவத்தேழு வருசமா இதான் கத."

என் நோட்டில் எழுதி வைத்திருந்த 'ஏக்கம்' அந்த நிமிடத்தில் எனக்குள்ளேயே எங்கோ போய் ஒளிந்துகொண்டது. மனிதர்கள் மலையைக் கவிதைக்காக மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நான் ஏன் முடிவு செய்தேன்? அன்றாடம் ஆயிரம் பேர் அருவி பார்க்க வருகிற ஊரில், வானத்தைப் பார்த்துத் துணி எடுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

மேடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். இடது ஜன்னலில் ரோடு கறுத்துக்கொண்டே வந்தது.

"பாத்தியளா, வந்துட்டு!" என்று அக்கா அடுக்களைக் கதவு வழியாக ஓடினார். பின்னால் அண்ணாச்சி. பின்னால் நான். யாரும் கூப்பிடாமலே மேடமும். கொடியில் போர்வை ஒன்று, சேலைகள், ஒரு காக்கிச் சட்டை. கையில் அகப்பட்டதைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தோம். எல்லாம் நனைந்திருந்தது. மேடத்தின் தோளில் அண்ணாச்சியின் காக்கிச் சட்டை தண்ணீர் சொட்டிக்கொண்டு கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். வைக்க இடமே இல்லை. அந்த வீட்டில் இன்னொரு ஆளைத் தங்கவைக்க முடியுமா என்கிற கேள்விக்கு அந்த ஈரச் சட்டையே பதில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். மேடம் முதல்முறையாகச் சிரித்தார்.

"பேரை மாத்துங்க. அந்த ஜன்னலை எடுங்க" என்றார் என்னிடம். "என்ன இருக்கோ அதை மட்டும் வரைஞ்சு நாளைக்கே கொண்டு வாங்க. வேற எதையும் சேர்த்து வரையாதீங்க, தயவுசெஞ்சு."

அவர் போனதும் அண்ணாச்சி வீட்டிலேயே உட்கார்ந்து தலைப்பு யோசித்தேன். 'காவலர் குடியிருப்பு' என்று எழுதி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"போலீஸ் லைனா இது?" என்றார். "இன்னைக்கு ரூம் கேட்டு வருதாவ. நாளைக்கு கேஸ் குடுக்க வருவாவ."

'வாயில் இல்லம்' என்றேன். "ஆசிரமம் மாதிரி இருக்கே" என்றார் அண்ணாச்சி. அதிசயமாக அவரும் பேசத் தொடங்கியிருந்தார். இன்னும் நாலைந்தை எழுதினேன், அடித்தேன். கடைசியில் எஞ்சியது ஒரு சொல். வீடு. நான் இதுவரை போட்ட எந்தப் படத்திலும் வெறும் வீடு என்று எழுதியதில்லை. உத்தேச குடியிருப்புக் கட்டடம், தரைத்தளம், முதல்தளம் என்று ஒரு முழத்துக்கு இருக்கும். அந்தக் கட்டடத்தை இத்தனை காலத்தில் யாரும் அந்தப் பெயரில் எழுதியிருக்கமாட்டார்கள்.

ராத்திரி தூங்காமல் கம்ப்யூட்டரில் திருத்தி முடித்தேன். தலைப்பை மாற்றுவது சுலபமாக இருந்தது. ஜன்னலை அழிக்கிறபோதுதான் கை நின்றது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், சுவர் மூடிக்கொள்ளும். துரை மூடிய அதே சுவரை இப்போது என் கையால் மூடினேன். வீடு அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அதற்கு மலை தெரியக் கூடாது. தட்டினேன்.

சீல் விழுந்தது. பத்திரத்துக்கு முதலாளியே காரில் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணாச்சி பழக்கத்தில் அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

ரிசார்ட்டுக்காரர்கள் பஸ் வருவதற்காகக் காம்பவுண்டை வேறு பக்கம் உடைத்து அங்கே பெரிய வாசல் வைத்துக்கொண்டார்கள். பழைய கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஆக, அது இப்போது கேட்டும் இல்லாத, லாட்ஜும் இல்லாத கேட் லாட்ஜ். கல் மட்டும் அப்படியே இருக்கிறது. அண்ணாச்சி அதில் சுண்ணாம்பு அப்புவார் என்று எதிர்பார்த்தேன். இப்போது அவரை ஏச ஆள் இல்லை. ஆனால் செய்யவில்லை. "இருந்துட்டுப் போவட்டும் தம்பி. அதுவும் நம்ம கூடத்தான இருந்திச்சு" என்றார்.

மலைப் பக்கச் சுவரை ஐப்பசி மழைக்கு முன்னால் உடைத்தார்கள். கொத்தனாருக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தச் சுண்ணாம்பு கல்லைவிடக் கெட்டி. நாலுக்கு நாலு என்று நான் சொன்னேன். அக்கா மூணுக்கு மூணு போதும் என்றார், அதற்கு மேல் என்றால் சாரல் உள்ளே வரும் என்றார். அதையும் நான் யோசித்திருக்கவில்லை.

ஜன்னல் வைத்த மறுவாரம் பார்க்கப் போனேன். வாசலில் குனிந்தே போனேன், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். புது ஜன்னலில் அருவி தெரியவில்லை. ரிசார்ட்டின் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும், அவற்றுக்கு நடுவில் சேலை முந்தி அகலத்துக்கு மலையும் தெரிந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "தொட்டி மறைக்குதேக்கா" என்றேன்.

"மறைச்சா என்ன? மழ அந்தத் தொட்டியத் தாண்டித்தான வரணும்."

காப்பி கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து ஒரு தடவை தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். மலையின் உச்சி வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது.

"வருது" என்றார், சத்தம் போடாமல்.

நான் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணாச்சி என்னைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார். ஓடவில்லை. கொடிக்கு நடந்தே போய், சட்டையை எடுத்து உதறி, அதன் கையை நீவிவிட்டு மடித்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்து, அடுக்களைக் கதவைச் சாத்தின பிறகுதான் வெறும் கொடியின் மேல் முதல் தூறல் விழுந்தது.